ஜன்னலைப் பார்த்துவிட்டுப் புத்தகம் எடுங்கள்

கடந்த ஐப்பசியில் எங்கள் பகுதி நூலகத்துக்குக் கதை சொல்ல ஒரு தம்பி புதிதாக வந்தார். நல்ல குரல், பிள்ளைகளோடு தரையில் உட்காரத் தயங்காதவர். மழைக்காலக் கதை நேரம் என்பதால் மழைப் படக்கதை ஒன்றை எடுத்து வந்திருந்தார். நாலாவது பக்கத்தில் ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, மழைக்காலத்துல எப்படி மாம்பழம்?" தம்பி, "கதையில அப்படித்தான்டா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மனசு கேட்கவில்லை. பல வருஷங்களுக்கு முன் நானும் இதே பதிலைச் சொல்லி, இதே மாதிரி பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடியுங்கள், சத்தமாக வாசியுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை இரண்டு வாரத்தில் தானாக வந்துவிடும். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குப் படக்கதை வாசிக்கும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அட்டையில் மழை இருந்தால் போதும் என்று நினைப்பது

நம் கைக்குக் கிடைக்கும் மழைப் படக்கதைகளில் பல, வட இந்திய மழையை மனதில் வைத்து எழுதப்பட்டுப் பிறகு தமிழுக்கு வந்தவை. அங்கே வெயில் கொளுத்தி ஓய்ந்த கையோடு, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ மழை இறங்கும். அதனால் அந்தப் புத்தகங்களில் வெடித்த நிலம், மாம்பழம், புது வகுப்பு, புதுக்குடை எல்லாம் மழையோடு சேர்ந்தே வரும்.

சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு மழை என்றால் தீபாவளிப் பட்டாசு நமுத்துப்போவது, சீருடை காயாதது, விளக்கைச் சுற்றும் ஈசல், விடிந்ததும் 'லீவு விட்டாச்சா' என்று டிவி முன்னால் நிற்பது. மாம்பழம் கேட்ட பையன் கதையைக் கெடுக்கவில்லை. அவன் கதையை நம்ப முயற்சி செய்துகொண்டிருந்தான்.

நான் சொல்வது சென்னைக்கு. தென்காசியில் கதை சொல்பவருக்கு ஆனி, ஆடியிலேயே சாரல் வந்துவிடும். அவர் எடுக்கும் புத்தகங்களும் மாதமும் வேறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பொழுதுகளைப் பிரித்து வைத்த மொழி இது. அதில் கதை சொல்லிக்கொண்டு, வெளிநாட்டு நான்கு பருவ அட்டவணையைச் சுவரில் ஒட்டி "இது இலையுதிர் காலம்" என்று அக்டோபர் மழையில் சொல்லித்தருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

வேற்றூர்ப் புத்தகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-இல் எழுதி வரைந்த 'தி ஸ்னோயி டே' படக்கதையை ஒவ்வொரு மார்கழியிலும் வாசிக்கிறேன். அதில் பீட்டர் என்ற சிறுவன் ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான். பிறகு பார்த்தால் பை காலி. ஐஸ் கட்டியை டிபன் டப்பாவில் ஒளித்து வைத்த எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பக்கம் புரியும். ஆனால் முதல் தடவை வாசித்தபோது 'பனி' என்று மட்டும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் மார்கழிப் பனியை, விடியற்காலையில் புல் நுனியில் நிற்பதை நினைத்துக்கொண்டார்கள். அதை எப்படி உருண்டை பிடிப்பது என்று குழம்பினார்கள். இப்போது ஒரு கிண்ணத்தில் ஃப்ரீசர் ஐஸைச் சுரண்டி எடுத்துப் போகிறேன். "நம்ம ஊர்ப் பனி வேற, இது வேற" என்று தொட்டுப்பார்க்கச் சொன்ன பிறகே முதல் பக்கம். வட இந்திய மழைப் புத்தகத்துக்கும் இதேதான். "இது வேற ஊர் மழை, அங்க ஜூலையில வரும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், மாம்பழத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் காட்டுவார்கள்.

இந்தத் தவறுக்கு இன்னொரு முகம் உண்டு. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். அடுத்த வாரம் நூலகம் திறந்ததும், மாதக்கணக்கில் முன்பே முடிவு செய்து வைத்திருந்த புத்தகத்தை அப்படியே எடுத்துப் போனேன். தெரு ஆறாகிவிடும், எல்லோரும் கப்பல் விடுவார்கள், செருப்பு மிதந்து போகும். சிரிப்பு நிறைந்த கதை. செருப்பு மிதக்கும் பக்கத்தில் ஆறு வயசுப் பெண் ஒருத்தி, "எங்க வீட்ல ஃபிரிட்ஜு மிதந்துச்சு" என்றாள். அவள் பக்கத்தில் இருந்தவன், "எங்க வீட்ல புக்கெல்லாம் போச்சு" என்றான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சரி, சரி, கதையக் கேளுங்க" என்று பக்கத்தைத் திருப்பினேன். கதை முடியும்வரை அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு ஏப்ரல் வரை அவள் வரவில்லை. வீட்டில் என்ன சிரமமோ, அதனால்கூட இருக்கலாம். ஆனால் அவள் பேச ஆரம்பித்த இடத்தில் நான் பக்கத்தைத் திருப்பியதை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது பையில் எப்போதும் இரண்டு புத்தகம் இருக்கும். ஒன்று மழையைப் பற்றியது, மற்றொன்றுக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்காது. உட்கார்ந்ததும் "இந்த வாரம் உங்க தெருவுல என்ன பாத்தீங்க?" என்று கேட்பேன். தட்டான், நத்தை, கரண்ட் போனது, பாட்டி வழுக்கி விழுந்தது என்று பத்து நிமிஷம் போகும். அதைக் கேட்ட பிறகுதான் எந்தப் புத்தகம் என்று முடிவு செய்வேன். நடுவில் யாராவது பேசினால் விரலைப் பக்கத்துக்குள் வைத்துப் புத்தகத்தை மூடிவிடுவேன். அவர்கள் பேசி முடித்த பிறகு திறப்பேன்.

"இந்தக் கதையில் என்ன நீதி?"

கேட்காதீர்கள்.

ஒரே நாளில் ஐந்து புத்தகம்

ஒன்று போதும். "இன்னொரு தடவ" என்று கேட்டால் அதையே மறுபடி வாசியுங்கள்.

எழுத்துத் தமிழை அப்படியே ஒப்பிப்பது

"அவன் குடையை விரித்துக்கொண்டு விரைந்து சென்றான்" என்று மூன்று வயசுப் பிள்ளைக்கு வாசித்தால் அது படத்தை மட்டும்தான் பார்க்கும். சின்னவர்களுக்கு "குடைய விரிச்சுக்கிட்டு வேகமாப் போனான்" என்று மாற்றிச் சொல்லுங்கள். ஏழெட்டு வயசுக்காரர்களுக்கு மாற்றாதீர்கள். அவர்கள் எழுத்தைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே வருவார்கள், நீங்கள் மாற்றினால் உடனே திருத்துவார்கள். 'சளக் புளக்', 'சொட் சொட்' போன்ற ஒலிகளை யாருக்கும் மாற்ற வேண்டாம்.

வெளிச்சத்தை மறப்பது

மழை நாளில் மதியமே இருட்டிவிடும், டியூப் லைட் போடுவோம். படக்கதைகள் பெரும்பாலும் வழவழப்பான தாளில் அச்சாகின்றன. லைட்டுக்கு நேர் எதிரே பிடித்தால் முன்வரிசைக்கு வெள்ளைப் பட்டைதான் தெரியும். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அவர்கள் உட்காரும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து, வேறு யாரையாவது புத்தகத்தைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். தகரக் கூரை என்றால் மழைச் சத்தத்தில் உங்கள் குரல் ஐந்தடி தாண்டாது. வட்டத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், பெரிய மழை என்றால் நிறுத்திவிட்டு மழையைக் கேளுங்கள்.

போனில் காட்டுவது

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுக்கவும் அனுமதி உண்டு. அப்படியிருக்க இருபது பிள்ளைகளுக்கு ஆறு அங்குலத் திரையைக் காட்டாதீர்கள். கலரில் அச்செடுத்து ஸ்பைரல் போடுங்கள். எழுதியவர், வரைந்தவர் பெயர் இருக்கும் பக்கத்தை விட்டுவிடாமல் சேர்த்து அச்செடுங்கள், அந்தப் பெயர்களையும் வாசியுங்கள். போன வாரம் ஒரு பிள்ளை, "அந்த நத்தை வரைஞ்சவங்களோட வேற புக்கு இருக்கா?" என்று கேட்டது. தேடிக்கொண்டிருக்கிறேன்.