கடைவீதி முக்கில் பார்வையைத் திறந்து வைப்பது எப்படி

ஒரு சந்தை நாள் காலை. முக்கில் நின்ற வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுவன் சாலைக்குள் வந்தான். முதலில் தெரிந்தது அவன் கையிலிருந்த பையின் ஓரம்தான். வந்த கார் எப்படியோ நின்றுவிட்டது. பம்பருக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்திருக்கும். கார் ஓட்டியவர் வேகமாக வரவில்லை, சிறுவனும் ஓடிவரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாத இடத்தில் அந்த வேன் நின்றிருந்தது, அவ்வளவுதான். அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது என் கடைக்கு வந்த சரக்கு. அங்கே நிறுத்தச் சொன்னவன் நான்.

அன்றிலிருந்து பார்க்கிங் என்றாலே எனக்கு முதலில் நினைவு வருவது பார்வைதான், இடம் அப்புறம்தான். யார் யாருக்குத் தெரிகிறார்கள் என்பதைச் சரிசெய்தால் சந்தைத் தெருவில் பாதி ஆபத்து குறையும் என்று நம்புகிறேன்.

வேகக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடக்கும். 50 என்றால் கிட்டத்தட்ட 14 மீட்டர். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் அழுத்தவே சுமார் ஒரு நொடி ஆகும். காய்ந்த சாலையில், 30இல் வருகிற கார் ஏறக்குறைய 13 மீட்டரில் முழுசாக நின்றுவிடும். 50இல் வருகிற காருக்கு அந்த 13 மீட்டரில் பிரேக்கே பிடிக்க ஆரம்பித்திருக்காது. நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் 30க்கு மேல் கூடாது என்று 2020இல் சாலைப் பாதுகாப்புக்காக உலக நாடுகள் கூடி வெளியிட்ட ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னது இதனால்தான். வேக வரம்பை மாற்றுவது நம் கையில் இல்லை. முக்கை மறைக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

முதல் வேலை, எண்ணிப் பார்ப்பது. ஒரு சந்தை நாள், ஒரு சாதாரண நாள், இரண்டிலும் செய்யுங்கள். தெருவின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை நடந்து, நிற்கிற வண்டிகளின் கடைசி மூன்று எண்களை மட்டும் வரிசையாக ஒரு தாளில் குறியுங்கள். முழு எண் வேண்டாம், யாரையும் பிடித்துக் கொடுப்பதற்காக இதைச் செய்யவில்லை. சாயங்காலம் தாளைப் பார்த்தால் விஷயம் தானாகத் தெரியும். வாங்க வருகிறவர்களின் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். சில எண்கள் மட்டும் காலையிலிருந்து கீழ்வரை அப்படியே இறங்கும். அவை பெரும்பாலும் வியாபாரிகளின் வண்டிகள். என் தாளில் அப்படி இறங்கிய மூன்றாவது எண் என்னுடையது.

வாங்குகிறவர் அரை மணி நேரம் நிறுத்தினால், எட்டு மணி நேரத்தில் ஒரே இடம் 16 பேருக்குப் பயன்படும். வியாபாரிகளான நம் வண்டி நின்றால் ஒருவருக்கு மட்டும்தான். இடம் கிடைக்காதவர் தெருவைச் சுற்றிச் சுற்றி வருவார், கடைசியில் முக்கிலேயே நிறுத்துவார்.

இதை மற்றவர்களிடம் சொல்ல உடனே கூட்டம் போடாதீர்கள். கூட்டத்தில் எல்லாரும் அடுத்தவர் வண்டியைத்தான் பேசுவார்கள். முதலில் ஒரு வாரம் உங்கள் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பிறகு கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, தாளோடு ஒவ்வொருவரையும் தனியாகப் போய்ப் பாருங்கள். மறுக்கிறவரின் காரணத்தை முழுசாகக் கேளுங்கள். என்னிடம் ஒரு பெரியவர் முடியவே முடியாது என்றார். விசாரித்தால், இருட்டிய பிறகு பணப்பையோடு தூரம் நடக்க அவருக்குப் பயம். நியாயமான பயம்தான். பகலில் தள்ளி நிறுத்துவது, கூட்டம் கலைந்ததும் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவது என்று முடிவானது. அவரே பிறகு இன்னும் இரண்டு பேரிடம் பேசினார்.

அடுத்து முக்கு. இதில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். கடக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, ஐந்து வயதுப் பிள்ளையின் கண் உயரத்திலிருந்து வண்டி வரும் பக்கம் பாருங்கள். எந்த வண்டி மறைக்கிறது, எவ்வளவு தூரம் தள்ளினால் சாலை தெரிகிறது என்று அங்கேயே புரியும். நாங்கள் ஒவ்வொரு பக்கமும் பத்து தப்படி காலியாக விட்டோம். கோடு போடுவதை நீங்களே செய்யாதீர்கள். சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குத் தாளையும், குந்தி உட்கார்ந்து எடுத்த போட்டோவையும் சேர்த்து மனு கொடுங்கள். காலி இடத்தில் பூத்தொட்டி வைக்க அனுமதி கிடைத்தால், முழங்காலுக்கு மேல் வளராத செடியாகப் பாருங்கள். அமெரிக்காவின் ஹோபோகன் நகரில் முக்குகளை இப்படித் திறந்துவிட்டார்கள், வேக வரம்பையும் குறைத்தார்கள். 2017 தொடக்கத்திலிருந்து ஏழு ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை.

சரக்கு வண்டியைக் கூட்டம் சேர்வதற்கு முன்பே வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தெருவின் நடுப்பகுதியில் ஒரு இடத்தை அதற்கென்று ஒதுக்குங்கள், முக்கில் மட்டும் வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் பின்னால் நின்று வழி சொல்ல வேண்டும். ஓட்டுநரின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் எப்போதும் நிற்காதீர்கள்.

கார் கதவு இன்னொரு ஆபத்து. நெதர்லாந்தில் சொல்லித்தரும் பழக்கம் ஒன்று உண்டு: கதவுக்குத் தள்ளி இருக்கும் கையால் கதவைத் திறப்பது. அந்தக் கையை நீட்டினாலே தோள் திரும்பும், தோளோடு முகமும் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். கூட வருகிற குழந்தைகளுக்கும் இதைப் பழக்குங்கள். இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும்.

நடைபாதையில் ஏற்றி நிறுத்திய இருசக்கர வண்டிகளை மறந்துவிடாதீர்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் அவற்றுக்காகத்தான் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து தெருவின் அதே பகுதியில், அதே நேரத்தில் மறுபடியும் எண்ணுங்கள். இருட்டிய பிறகும் ஒருமுறை முக்கில் போய் நில்லுங்கள். பகலில் தெரிந்தது அப்போது தெரியாமல் போகலாம், விளக்கை மரக்கிளை மறைத்திருக்கலாம். அப்படியே அடுத்த தெருவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். நாம் தள்ளி நிறுத்திய வண்டிகள் அங்கே யார் வாசலை மறைத்து நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்காரர்களிடம் வண்டியைக் கொண்டுபோவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்காமல் விட்டோம், பிறகு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுத்தான் இடத்தை மாற்றிக்கொண்டோம்.