பதினெட்டு முடிவதற்குள்: இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைகளின் பிற்காப்பு நிதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு 18 முடிந்தால் வெளியே போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு 21 வயது வரை பிற்காப்பு உதவி, அதாவது இல்லத்தை விட்டு வந்தபின் தரும் ஆதரவு, பெற வழியிருக்கிறது என்பதைத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்த இல்லங்களிலும் பெரும்பாலும் காலம் தாழ்த்தியே வேலையைத் தொடங்குகிறார்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் 2022 வழிகாட்டுதல்படி தொகை மாதம் 4,000 ரூபாய். ஆனால் பிறந்தநாள் வந்ததும் இந்தப் பணம் தானாக வங்கிக் கணக்கில் வந்து விழாது. குழந்தைகள் நலக் குழு, அல்லது வழக்கில் சிக்கி வந்த பிள்ளையானால் இளைஞர் நீதிக் குழுமம், ஆணை போட வேண்டும். அந்த ஆணைக்குத் தேவையான காகிதங்களில் பாதியை, பிள்ளை இல்லத்தில் இருக்கும்போதுதான் சுலபமாக வாங்க முடியும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று எந்த மாவட்டமானாலும் கோளாறு தொடங்குவது இங்கேதான்.

மே மாதம் தொடங்கினால் ஆகாது

மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளில் 25-ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது: பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே, வெளியேறிய பின் அவருக்கு என்ன தேவை என்ற திட்டத்தை நன்னடத்தை அலுவலரோ குழந்தைகள் நல அலுவலரோ குழுவிடம் கொடுக்க வேண்டும். வயதைக் கணக்கிட முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை. நம் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது மே, ஜூன் என்று ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிட்ட பிள்ளைகள் ஏராளம். அப்படியானால் இரண்டு மாதம் முன்பு என்பது நேராகப் பிளஸ் டூ தேர்வு நேரத்தில் வந்து நிற்கும். பிள்ளை தேர்வில் இருப்பார், வார்டன் மற்ற வேலையில் இருப்பார், ஒருவரும் திட்டத்தை எழுத மாட்டார்கள். பொங்கல் முடிந்த கையோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

எழுதும் விதமும் முக்கியம். 'மேற்படிப்புக்கு உதவி தேவை' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தக் குழுவும் முடிவெடுக்க முடியாது. எந்தப் படிப்பு, எங்கே, எத்தனை வருடம், தங்குவது எங்கே, மாதச் செலவு எவ்வளவு, அதில் எவ்வளவு வேறு வழியில் கிடைக்கும், மாதம் ஒருமுறை பிள்ளையோடு பேசப்போகிறவர் யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'ஐடிஐயில் டர்னர் பிரிவு, இரண்டு வருடம், அரசு விடுதி' என்று எழுதினால் கேட்பவருக்குப் பிடிமானம் கிடைக்கும். 4,000 ரூபாயை வைத்துக்கொண்டு கோவைப் பீளமேட்டில் தனியார் விடுதியில் சாப்பாட்டோடு தங்க முடியாது. அதை மறைக்காமல் எழுதி, ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் குழு வீட்டையும் கேளுங்கள். அதே 25-ஆவது விதியில் அதுவும் இருக்கிறது. பயிற்சிக் கால உதவித்தொகை, தொழில் தொடங்கக் கடன் ஏற்பாடு ஆகியவையும் அதிலேயே உண்டு. பணத்தை மட்டும் கேட்டுவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள்.

பதினேழரை வயதில் மாமனிடம் ஒப்படைப்பது

இடம் காலியாகட்டும் என்றோ, உறவினர் ஒருவர் வந்து கேட்டார் என்றோ, 18 முடிய நாலைந்து மாதம் இருக்கும்போது 'குடும்பத்துடன் சேர்த்து வைக்கப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடுவது உண்டு. உண்மையிலேயே பிள்ளையை வைத்துக் காப்பாற்றும் குடும்பமாக இருந்தால் சந்தோஷம். காகிதத்துக்காக மட்டும் அனுப்பினால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இழப்பு. 46-ஆவது பிரிவு பேசுவது 18 முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவரைப் பற்றி. இடையில் வெளியேறியவர் பின்னால் வந்து கேட்டால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவார்.

இதன் மறுபக்கமும் உண்டு. குழுவின் ஆணையே இல்லாமல், பதிவேட்டில் மட்டும் பெயர் எழுதிச் சேர்த்துக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். 41-ஆவது பிரிவின்படி இல்லம் பதிவு பெற்றிருக்கிறதா, பிள்ளையைச் சேர்த்த ஆணையின் நகல் கோப்பில் இருக்கிறதா என்று 16 வயதிலேயே பாருங்கள். ஆதிதிராவிடர் நல விடுதியோ பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியோ இந்தக் கணக்கில் வராது.

வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு குடும்பத்தோடு இருக்கும் பிள்ளைகளின் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு வரும் மாதத் தொகை 18-உடன் நின்றுவிடும். பிற்காப்பைச் சட்டம் வரையறுப்பது, நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியே வந்தவர் என்ற அடிப்படையில். அதனால் குடும்பத்துக்குப் போகும் முன் பிள்ளை இல்லத்தில் இருந்த காலத்தின் ஆணைகளையும் தேடியெடுத்து விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். 'எங்க வீட்டிலேயேதானே இருக்கப் போகிறாள்' என்று வளர்ப்புப் பெற்றோர் சும்மா இருந்துவிடக் கூடாது.

ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது?

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பணம் வராமல் நிற்கும் வேறெந்தக் காரணத்தையும்விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிறு வயதில் இல்லத்திலிருந்து ஆதார் எடுக்கும்போது கொடுத்தது கண்காணிப்பாளரின் கைப்பேசி எண். அவர் மாறிப் போயிருப்பார். அந்த எண்ணே இப்போது வேறு யாரிடமோ இருக்கும். பிள்ளை கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் பதிவு செய்யும்போது ஓடிபி அங்கே போய் விழும். வெளியேறுவதற்கு முன் பிள்ளையின் பெயரிலேயே ஒரு சிம் வாங்கி, ஆதார் மையத்துக்கு அழைத்துப் போய் அந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள். போனால் போகட்டும் என்று நினைக்காமல், 15 வயதில் எடுக்க வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பு முடிந்திருக்கிறதா என்றும் அன்றே பாருங்கள்.

வங்கிக் கணக்கு அடுத்தது. மைனராக இருக்கும்போது காப்பாளர் பெயரோடு தொடங்கிய கணக்கு 18 முடிந்ததும் பழையபடி ஓடாது. பிள்ளை நேரில் போய், தன் கையெழுத்தைப் பதிந்து, அடையாள ஆவணங்களைப் புதிதாகக் கொடுத்து மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். பிற்காப்புத் தொகை பிள்ளையின் சொந்தக் கணக்குக்கே நேரடியாக வர வேண்டும் என்பதே விதி. இல்லத்தின் கணக்குக்கு வாங்கிப் பிரித்துக் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்தாலும் தவறுதான்.

இன்னொன்று. ஆதார் அடிப்படையில் வரும் அரசுப் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குப் போகும். பனியன் கம்பெனியில் சேர்ந்தவுடன் சம்பளத்துக்கு என்று ஒரு கணக்கு, செல்போன் கடையில் ஐந்து நிமிடத்தில் ஒரு கணக்கு என்று தொடங்கும்போது பிள்ளைக்குத் தெரியாமலேயே இணைப்பு மாறிவிடும். பழைய பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்து 'பணம் வரலை' என்று அலைவார்கள். பணம் வேறு வங்கியில் வந்து கிடக்கும். இணைப்பு எங்கே இருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

சான்றிதழ்களும் பள்ளி மாற்றமும்

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கென்றே ஒரு பதிவு இருக்கிறது. 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்ந்தவர்கள் அதன்கீழ் சாதிச் சான்று பெறலாம். பெற்றோரின் சாதி தெரியவில்லை என்பதற்காகப் பொதுப் பிரிவில் போட்டுவிட்டு விடுவது பிள்ளையின் கல்லூரி இடத்தையே பறிக்கும் தவறு. இதற்கும், தாய் தந்தை இருவரையும் இழந்த மாணவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஸ்வநாத் உதவித்தொகைக்கும் பெற்றோரின் இறப்புச் சான்று கை கொடுக்கும். இறந்த ஊரின் பதிவாளரிடம்தான் அதை வாங்க வேண்டும். இல்லத்தின் கடிதத்தோடு போனால் ஒரு நடையில் முடியும் வேலை, பின்னால் பிள்ளை தனியாகப் போனால் இழுத்தடிக்கும்.

இல்லம் நடத்தும் அறக்கட்டளைக்கே ஆங்கில வழிப் பள்ளி இருந்தால், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் அங்கே மாற்றிவிடுவது உண்டு. நல்லது செய்கிறோம் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைப் பொறுத்தவை. 7.5 சதவீதத்தில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. பள்ளியை மாற்றுவதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள். அந்த 1,000 ரூபாயை மற்ற உதவித்தொகையோடு சேர்த்தே வாங்கலாம் என்பதால் பிற்காப்புக்குக் குறுக்கே நிற்காது.

மில் விடுதி பிற்காப்பு ஆகாது

பெண் பிள்ளைக்கு 18 முடிந்ததும் 'தங்க இடமும் ஆச்சு, வேலையும் ஆச்சு' என்று நூற்பாலை விடுதியில் சேர்த்துவிடுவது நம் பகுதியில் சுலபமான வழி. மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லும் இடத்துக்கு எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். பாதியில் உடம்பு முடியாமல் வந்தால் அந்தத் தொகை கிடைக்காது. வெளியே வந்தால் போக வீடில்லாத பிள்ளை என்று தெரிந்த இடத்தில் அவளை நடத்தும் விதமே வேறாகிவிடும்.

வேலைக்குத்தான் போக வேண்டும் என்றால் சேரும் முன் கேட்க வேண்டியவை: சம்பளக் கணக்கு வாரமா மாதமா, ஒன்றரை ஷிப்ட் ஓட்டச் சொன்னால் அதற்கு என்ன கூலி, பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா. பிஎஃப்பின் யுஏஎன் எண் வாழ்நாளுக்கு ஒன்றுதான். திருப்பூரில் கம்பெனி மாறும்போதெல்லாம் புது எண் போடவிட்டால் பணம் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும். இஎஸ்ஐ பிடித்தால் அந்த அட்டையே பிள்ளையின் மருத்துவச் செலவுக்குத் துணை.

பிறந்தநாளுக்கு வரும் சொந்தக்காரர்கள்

பத்து வருடம் எட்டிப் பார்க்காத பெரியப்பா பழத்தட்டோடு வந்தால், இன்முகத்தோடு வரவேற்றுவிட்டு, பிள்ளையின் பேனாவை மட்டும் பத்திரப்படுத்துங்கள். பைபாஸ் பக்கம் இருக்கும் காடு தோட்டத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். 18 முடிந்ததும் பிள்ளையின் கையெழுத்துக்கு மதிப்பு வந்துவிடுகிறது. 'சும்மா ஒரு கையெழுத்து, பட்டா மாத்தறதுக்கு' என்று நீட்டும் காகிதம் பெரும்பாலும் விடுதலைப் பத்திரம். அதில் 'எனக்குள்ள சகல பாத்தியங்களையும்' என்று வரும் வரிக்குக் கீழே கையெழுத்திட்டால் அப்பாவின் பங்கு அன்றோடு போயிற்று. பெண் பிள்ளைக்கும் அந்தப் பங்கு உண்டு.

பிள்ளை மைனராக இருந்தபோது, இயற்கைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவருடைய சொத்தை விற்றிருந்தால் அதை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். ஆனால் மேஜரான நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள், அதாவது 21 முடிவதற்குள் போட வேண்டும். பிற்காப்புக் காலமும் இந்தக் கெடுவும் ஒன்றாக ஓடுகின்றன. ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போனால் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். அழைக்க வேண்டிய எண் 15100.

கையில் வந்த பணம்

கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் தமிழ்நாடு அரசு போட்ட 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, 18 முடிந்ததும் வட்டியோடு கைக்கு வரும். மொத்தத்தையும் சேமிப்புக் கணக்கில் விட்டுவைத்தால் கரைந்துவிடும். ஆறு மாதச் செலவுக்கானதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மீதியை அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஒன்று, இரண்டு, மூன்று வருட வைப்பாகப் பிரித்துப் போடலாம். அஞ்சலக வைப்பை முதல் ஆறு மாதம் எடுக்க முடியாது என்பது இந்த வயதில் ஒரு பாதுகாப்பு. பெருந்துறை ஈமு கோழி வளர்ப்பு மோசடியில் பணத்தைத் தொலைத்த ஊர் இது. மாதம் இவ்வளவு தருகிறோம் என்று வருகிறவர் யாரானாலும் அவரிடம் இந்தப் பணத்தைக் காட்டக் கூடாது.

4,000 வாங்கும் பிள்ளையைத் தேடியும் ஆள் வருகிறார்கள். 'உன் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் ஒரு மாசம் குடு, அஞ்சாயிரம் தர்றேன்' என்பார்கள். அது இணைய மோசடிப் பணத்தைக் கடத்தும் வழி. போலீஸ் கணக்கை முடக்கினால் பிற்காப்புத் தொகையும் அதிலேயே மாட்டிக்கொள்ளும், வழக்கும் பிள்ளையின் பெயரில்தான் வரும். கடன் ஆப், தவணையில் போன், லைன் வீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கு ஜாமீன் கையெழுத்து ஆகிய மூன்றும் முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம். வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்டால், தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் வரம்பும் அதுதான் என்று தன்மையாகச் சொல்லிக் குறைக்கப் பாருங்கள். கொடுத்த பணத்துக்கு ஒப்பந்தத்தில் எழுத்து இருக்க வேண்டும்.

ஆணை வந்த பிறகு

பணம் கொடுத்த காரியத்துக்குச் செலவாகிறதா என்று குழு பார்க்கும். கல்லூரி வருகைச் சான்று, கட்டண ரசீது, விடுதி ரசீது ஆகியவற்றை ஒரு பையில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். படிப்பை மாற்றினாலோ ஊர் மாறினாலோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். 21 முடியும்போது படிப்பு பாதியில் இருந்தால், தக்க காரணம் காட்டி மேலும் இரண்டு வருடம் கேட்கலாம். அதையும் 21 முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். பிற்காப்பை மறுத்துக் குழு ஆணையிட்டால் வாய்மொழிப் பதிலோடு திரும்பாமல் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.