பயணத்தில் மனிதர்களை வேடிக்கை பார்ப்பது எப்படி?

பயணம் போனால் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் எல்லோரிடமும் இருக்கும். அதில் ஒன்றிரண்டை அடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பாருங்கள். கட்டடங்களைப் படத்தில்கூடப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஊரில் அந்த மத்தியானத்தில் அந்த ஆட்கள் நடந்துகொண்ட விதத்தை நேரில் இருந்தால்தான் பார்க்க முடியும்.

முதலில் உட்காரும் இடம். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும், ஆட்கள் நுழைகிற வழி கண்ணில் படட்டும், தரையைவிட இரண்டு படி உயரமாக இருந்தால் இன்னும் நல்லது. யாருக்கும் நேர் எதிரே உட்காராதீர்கள், அவருக்கும் சங்கடம் உங்களுக்கும் சங்கடம். அப்புறம், காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிடுங்கள். மொழி புரியாத ஊரில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வார்த்தை புரியாதபோதுதான் யார் முதலில் சிரிக்கிறார், யார் பாதியில் குரலைத் தாழ்த்துகிறார் என்பதெல்லாம் காதில் விழும்.

எந்த இடம் என்று கேட்டால், விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் வாயிலுக்குத்தான் என் ஓட்டு. கதவு திறக்கும்போதெல்லாம் காத்திருப்பவர்கள் அத்தனை பேருடைய கழுத்தும் ஒரே நேரத்தில் நீளும், தன் ஆள் இல்லை என்றதும் ஒவ்வொன்றாகத் திரும்பும். உள்ளேயிருந்து வருகிறவரைப் பாருங்கள்: தூக்கக் கலக்கத்தில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார், தன்னுடையவர்கள் கண்ணில் பட்டதும் நடையே மாறிவிடும், வண்டியை நட்டநடு வழியில் விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்வார், பின்னால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். இது எல்லா ஊரிலும் நடக்கும். 1970களில் வில்லியம் வைட் என்பவர் நியூயார்க்கின் நடைபாதைகளையும் சதுக்கங்களையும் கேமரா வைத்துப் பதிவு செய்து பார்த்தார். நின்று பேசுகிறவர்கள் கூட்டத்தை விட்டு ஓரமாக ஒதுங்குவார்கள் என்று எதிர்பார்த்தார், அவர்களோ ஆட்கள் நடக்கிற பாதையின் நடுவிலேயே நின்று பேசினார்கள். அவர் கவனித்த இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காருவதற்கு முன் அதைக் கொஞ்சம் இழுத்துப் போடுகிறோம், பெரும்பாலும் எந்தக் காரணமும் இல்லாமல். அடுத்த முறை பாருங்கள், நீங்களே செய்வீர்கள்.

முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிதான் கிடைக்கும். கைகளையும் கால்களையும் பாருங்கள். விடைபெறுகிறவர்களின் கால்கள் சுவாரசியமானவை: போய்வருகிறேன் என்று சொல்லி ஒரு பாதம் திரும்பியிருக்கும், அப்போதுதான் முக்கியமான விஷயம் ஞாபகம் வரும், மறுபடி திரும்பி நின்று பேசுவார்கள், இப்படி இரண்டு மூன்று விடைபெறல்கள் நடக்கும். ஆட்களுக்கு இடையில் விடும் தூரத்தையும் பாருங்கள். எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் 1966-இல், தான் கவனித்த அமெரிக்கர்கள் நெருக்கமானவர்களோடு பேசும்போது ஒன்றரை அடியிலிருந்து நான்கு அடி வரை விடுகிறார்கள் என்று எழுதினார். இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் அவரேதான் வலியுறுத்தினார். புது நாட்டில் ஒருவர் பேசப் பேச முன்னால் வருகிறார், நீங்கள் பின்னால் போகிறீர்கள் என்றால் உங்கள் இருவர் மேலும் தப்பில்லை.

தாமதம் அறிவித்தால் எரிச்சல்படுவதை ஒத்திப்போடுங்கள், வேடிக்கை பார்ப்பதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. அதுவரை ஒவ்வொருவரும் தனித்தனித் தீவாக இருப்பார்கள். அறிவிப்பு வந்ததும் எல்லோரும் போனை எடுப்பார்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்பார், தனக்கே நன்றாகக் கேட்டிருந்தும். அந்தக் கேள்வி பேச்சைத் தொடங்குவதற்கான அனுமதிதான். அங்கிருந்து சார்ஜர் கைமாறும், பையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எழுந்து போவார், யாரோ ஒருவர் தானாகவே தலைமை எடுத்துக் கவுன்டருக்கும் கூட்டத்துக்கும் இடையில் செய்தி கொண்டுவருவார். வண்டி வந்ததும் இந்தச் சின்னச் சமூகம் சட்டென்று கலைந்துவிடும், உள்ளே ஏறியபின் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததை எழுதுங்கள், ஊகித்ததைத் தனியாக எழுதுங்கள். "கோபமாக இருந்தார்" என்பது ஊகம். "பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார், மூன்று முறை வாசலைப் பார்த்தார்" என்பதுதான் பார்த்தது. இந்தப் பழக்கம் இருந்தால்தான் ஆச்சரியம் உங்களுக்குக் கிடைக்கும். ஒரு இரவு ரயிலில் எனக்கு எதிரே இருந்த இருவர் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள், ஒருவர் தூங்கியபோது மற்றவர் விளக்கை அணைத்து, கீழே விழுந்த போர்வையை எடுத்துப் போட்டார். கணவன் மனைவி என்று நினைத்துக்கொண்டேன். காலையில் ஒரே நிலையத்தில் இறங்கி, ஒரு தலையசைப்போடு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஊகம் உடைகிற இந்த நொடிக்காகத்தான் நான் மணிக்கணக்கில் உட்காருகிறேன், சரியாகக் கணித்ததில் இந்தச் சந்தோஷம் கிடைப்பதில்லை.

இனி வரம்புகள். உற்றுப் பார்க்காதீர்கள். தெருவில் எதிரே வரும் அந்நியரை ஏறத்தாழ எட்டு அடி தூரம் வரை பார்த்துவிட்டு, கடக்கும்போது பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறோம் என்று சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963-இல் எழுதினார். உன்னைக் கவனித்தேன், ஆனால் தொந்தரவு செய்ய மாட்டேன் என்கிற மரியாதை அது. வேடிக்கை பார்ப்பவருக்கும் அந்த அளவு போதும்: பார்வையை ஓடவிடுங்கள், ஒருவர்மேலேயே நிறுத்தாதீர்கள். கண்ணோடு கண் மோதிவிட்டால் லேசாகச் சிரித்துவிட்டு வேறு பக்கம் பாருங்கள், போனைப் பார்ப்பதுபோல நடிக்க வேண்டாம். அழுகிறவர், சண்டை போடுகிற தம்பதி, தனியாக நிற்கும் குழந்தை என்றால் வேடிக்கை அதோடு முடிந்தது. உதவி தேவை என்று தோன்றினால் எழுந்து போங்கள், இல்லையென்றால் திரும்பி உட்காருங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள், தூரத்திலிருந்து என்றாலும்.

ஒரே ஊரில் சில நாள் தங்கினால் தினமும் அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போங்கள். முதல் நாள் கூட்டமாகத் தெரிந்தவர்கள் தனித்தனி ஆட்களாகத் தெரிய ஆரம்பிப்பார்கள். உங்களையும் அவர்கள் கவனித்திருப்பார்கள். யாராவது வந்து எந்த ஊர் என்று கேட்டால் நோட்டை மூடிவிட்டுப் பேசுங்கள். பேசிய பிறகு அவரைப் பற்றி எழுதுவதாக இருந்தால் பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிட்டு எழுதுங்கள்.