கோத்தகிரி பக்கம் செகண்ட் ஹேண்ட் சொகுசு கார் வாங்கப் போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

பத்து வருஷ பழசு பென்ஸோ ஆடியோ இன்னைக்கு புது ஸ்விஃப்ட் வெலைக்கே கெடைக்குது, அதான் ஆசை வருது. புதுசுன்னா 20 லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு நம்ம தமிழ்நாட்டுல வாழ்நாள் வரியே 20 சதவீதம், அதனால பழசுதான் நமக்கு வழி, சரி. ஆனா வண்டி வெலதான் எறங்கும், ஸ்பேர் பார்ட்ஸ் வெல எறங்காது. ஹெட்லைட் ஒண்ணு ஒடஞ்சாலும் அம்பது லட்ச ரூபா வண்டிக்கான பில்லுதான் வரும்.

மொதல்ல வண்டி எங்கருந்து வருதுன்னு பாருங்க. டெல்லி வண்டி சீப்பா இருக்குறதுக்கு காரணம் அங்க 10 வருஷம் தாண்டுன டீசல் வண்டிக்கு வந்த கெடுபிடி, அத இங்க கொண்டு வந்தா என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓ தர்ற ஆட்சேபணை இல்லங்குற சான்று), மறு பதிவு, இங்கத்த வரின்னு தனியா ஒரு தொகை எடுத்து வைக்கணும். சென்னை வண்டின்னா 2015, 2023 டிசம்பர் வெள்ளத்த மறக்காதீங்க. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில சேத்துக் கறை இருந்தா பேசாம திரும்பி வந்துடுங்க, எவ்வளவு பாலிஷ் போட்டிருந்தாலும் சரி.

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப் பை தாங்குறது) வண்டின்னா ராத்திரி பூரா நிக்க விட்டு காலையில போய் பாக்கணும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்து உக்காந்திருந்தா லீக். என் சித்தப்பா பையன் சாயங்காலம் போய் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துட்டான், அந்த வண்டி ரெண்டாவது மாசம் குன்னூர் மலை ரோட்டுல பர்லியார் கிட்ட படுத்துருச்சு, கோயமுத்தூருக்கு தூக்கிட்டுப் போற வண்டி வர்ற வரைக்கும் ரோட்டோரம் நின்னுட்டு "அண்ணா, யார்ட்டயும் சொல்லாதீங்க"ன்னு போன் பண்றான், அந்த வழியா போன நம்ம ஊர் பஸ்ஸுல பாதிப் பேரு ஏற்கனவே பாத்தாச்சு.

அப்புறம் நம்ம மலைக்குன்னே சில விஷயம். டீசல் வண்டிய வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓட்டுனா டிபிஎஃப் (புகையில வர்ற கரிய புடிக்கிற ஃபில்டர்) அடைச்சுக்கும், வாரத்துக்கு ஒரு தடவையாவது நீளமா ஓட்டணும். நெறைய வண்டியில ஸ்டெப்னியே கெடையாது, டயர் சைஸ் இங்க கெடைக்குதான்னு மொதல்ல விசாரிங்க. எஸ்டேட் ரோட்டுல அடி தட்டும். எறக்கத்துல ஆட்டோமேட்டிக்க டி-லயே விட்டு பிரேக்க மிதிச்சுட்டே வராதீங்க, மேனுவல் மோடுல ரெண்டாவது கியர்ல வாங்க. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, லோகோ எதுவா இருந்தாலும். ராத்திரி தெருவுல நிறுத்துனா காட்டெருமை வந்து ஒரசிட்டுப் போகும், அதுக்கு பென்ஸும் ஒண்ணுதான் ஜீப்பும் ஒண்ணுதான், ஷெட் இல்லாதவங்க இன்சூரன்ஸ ஃபுல்லா போட்டுக்கோங்க.

ஊர் வாய்க்கும் தயாரா இருங்க. "தேயிலைக்கு வெலையே இல்லங்குறான், வண்டி மட்டும் எங்கருந்து வந்துச்சு"ம்பாங்க. திருவிழா நன்கொடை சீட்டுல உங்க பேருக்கு நேரா அவங்களே ஒரு சைபர் கூட சேத்து எழுதிருப்பாங்க, கைமாத்து கேக்க யாரு யாரோ வருவாங்க. இதையும் மாசச் செலவுல சேத்துக்கோங்க.

அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி கோயமுத்தூர்ல தெரிஞ்ச மெக்கானிக்க வெச்சு வண்டிக்கு கம்ப்யூட்டர் ஸ்கேன் போடுங்க, சேசிஸ் நம்பர வெச்சு சர்வீஸ் ஹிஸ்டரி வாங்குங்க. விக்கிறவரு தர மாட்டேன்னா அடுத்த வண்டிய பாருங்க.