சாரலில் பிடிக்கும் மரக்கதவைச் சரிசெய்வது எப்படி

செங்கோட்டை, புளியரை, குற்றாலம் பக்கத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி பிறந்ததும் ஒரு வேலை தானாக வந்து சேரும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சாரலைக் கொண்டுவரத் தொடங்கிய சில நாள்களிலேயே, சித்திரையில் விரலால் தள்ளினால் மூடிய கதவு, தோள் கொடுத்துத் தள்ளினாலும் நிலையில் பாதி நுழைந்து நின்றுவிடும். உடனே இழைப்புளியைத் தேடுவதோ, தச்சரை வரவழைத்து நான்கு இழைப்பு இழைக்கச் சொல்வதோதான் வழக்கம். அந்த வழக்கம் தவறு என்பது என் கருத்து. மழைக்காலத்தில் கதவை அளந்து கோடு போட வேண்டும். இழைப்பதையும் பூசுவதையும் மாசி, பங்குனிக்கு ஒத்திவைக்க வேண்டும். விடுமுறை நாள்களில் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைதான் இது. ஆனால் ஒரே நாளில் முடித்துவிட நினைத்தால் கெட்டுவிடும்.

மரம் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும், காய்ந்த காற்றில் அதை விட்டுவிட்டுச் சுருங்கும். இந்த விரிவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நாரின் நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம், அகலவாக்கில்தான் அசைகிறது. பச்சை மரம் முற்றிலும் உலரும்வரை தேக்கு தன் வளையங்களின் வாக்கில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காடு சுருங்கும்; மையத்திலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் அதில் பாதியளவே சுருங்கும். ஆகவே மரத்திலுள்ள ஈரப்பதம் 1 விழுக்காடு கூடினால் அகலம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு கூடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கோடைக்கும் சாரலுக்கும் இடையே மரத்தின் ஈரப்பதம் 4 விழுக்காடு மாறுகிறது என்று கொண்டால், பலகைகளை நெருக்கி வைத்துப் பின்னால் குறுக்குச்சட்டம் அடித்த 90 சென்டிமீட்டர் அகலக் கதவு ஒன்று 7 மில்லிமீட்டர்வரை விரியக்கூடும். அதே அகலமுள்ள பேனல் கதவில், அதாவது சட்டங்களுக்கு நடுவே பலகைகளைச் செருகிய கதவில், கதை வேறு. அங்கே பேனல்கள் சட்டத்தில் வெட்டிய நீண்ட பள்ளமான காடிக்குள் பசையில்லாமல் நிற்பதால், விரிந்தாலும் காடிக்குள்ளேயே விரிந்துகொள்ளும். குறுக்குச்சட்டங்கள் தம் நீளவாக்கில் கிடப்பதால் அசையாது. இரண்டு பக்க நெடுஞ்சட்டங்களின் அகலம் மட்டுமே கூடும். சட்டம் ஒன்று 10 சென்டிமீட்டர் என்றால் இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும். எனவே பேனல் கதவு 4, 5 மில்லிமீட்டர் அளவுக்கு இடிக்கிறது என்றால் அது ஈரத்தின் வேலை மட்டுமல்ல என்று உடனே சந்தேகப்பட வேண்டும்.

திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் மலைக்கு அப்பாலிருந்து வந்த தேக்கும் அயினியும் பலாவுமே கதவாகியிருக்கின்றன. நன்றாக வைரம் பாய்ந்த மரங்கள் அவை; இழைத்துத் தள்ளிய பிறகு அந்தத் தரத்தில் மரம் வாங்க வேண்டுமென்றால் இன்று விலை கட்டுப்படியாகாது. ஒவ்வோர் ஆண்டும் சாரலில் கொஞ்சம் இழைத்து, கோடையில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி நுழையும் இடைவெளி விட்டிருக்கும் வீடுகளை இந்தப் பக்கத்தில் எத்தனையோ பார்க்கலாம்.

எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது

கதவின் ஓரம் முழுவதிலும் சுண்ணக்கட்டியைத் தடித்துப் பூசி, கதவை மூடித் திறந்து பார்க்க வேண்டும். நிலையின் எந்த இடத்தில் வெள்ளை ஒட்டுகிறதோ அந்த இடமே இடிக்கும் இடம். பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒட்டினால் மரம் விரிந்திருக்கிறது. பூட்டுப் பக்கத்து மேல்மூலையில் மட்டும் ஒட்டி, அதே பக்கத்துக் கீழ்மூலை தரையில் உரசினால் கதவு தொங்கிவிட்டது. மேற்கீலின் திருகாணிகள் தளர்ந்திருக்கும். கீல் பக்கமே நெருக்கிக்கொண்டு கதவு மூடும்போது திமிறித் திறந்துகொண்டால், கீல் தன் பள்ளத்தில் மிக ஆழமாக உட்கார்ந்திருக்கிறது அல்லது திருகாணித் தலை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தாறு முறை பூசிய பெயின்ட் தடித்துப்போயும் இடிக்கும். அதற்கு மரத்தைத் தொடவே வேண்டாம், பெயின்ட்டைச் சுரண்டினால் போதும்.

நிலையையும் ஒருமுறை சோதிப்பது நல்லது. மூலைக்கு மூலை இரண்டு வாக்கிலும் டேப் பிடித்து அளக்க வேண்டும். இரண்டு அளவும் 5 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் சுவர் இறங்கி நிலை கோணிவிட்டது என்று பொருள். அப்போது நிலைக்கேற்பக் கதவைக் கோணலாக இழைப்பதைத் தவிர வீட்டில் செய்யக்கூடியது வேறில்லை.

குடுமிக் கதவுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கீல் இல்லாமல், கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமிகள் குழியில் சுழலும் அமைப்பில், கீழ்க்குடுமி தேய்ந்துதான் கதவு இறங்குகிறது. அதை இழைப்பது வீண். கடப்பாரையும் மரத்துண்டும் கொண்டு கதவை நெம்பித் தூக்கி, கீழ்க்குழியில் அதன் வட்டத்துக்கு வெட்டிய 2 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை இட்டு, கொஞ்சம் கிரீஸும் தடவினால் கதவு பழைய உயரத்துக்கு வந்துவிடும். மேல்விட்டம் அழுத்திப் பிடித்திருந்து கதவைத் தூக்க இடமே இல்லையென்றால் அனுபவமுள்ள தச்சரிடம் விட்டுவிடுவதே அந்தக் கதவுக்கு நாம் செய்யும் மரியாதை.

சாரல் காலத்து வேலை

தொடர்ந்து சில நாள்கள் சாரல் அடித்து, கதவு மிக இறுக்கமாக இருக்கும் ஒரு நாளில் அளவெடுக்க வேண்டும். நிலையின் உள்ளகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, கதவின் அகலத்தையும் அதே உயரங்களில் அளக்க வேண்டும். கதவு முழுதும் விரிந்திருக்கும் இந்த நிலையில் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் வீதம் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். கோடையில் அது தானாகவே கூடிவிடும். நிலையின் அகலத்திலிருந்து கதவின் அகலத்தையும் இந்த 4 மில்லிமீட்டரையும் கழித்தால் எவ்வளவு குறைகிறதோ, அதுவே அந்த உயரத்தில் இழைக்க வேண்டிய அளவு. அந்த மூன்று புள்ளிகளையும் கதவின் முகத்தில் குறித்து, நேரான சட்டம் ஒன்றை வைத்துக் கூரிய பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். அதன்மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் பங்குனிவரை அழியாமல் இருக்கும். இதே அளவைக் கோடையில் எடுத்தால் ஊகம்தான் மிஞ்சும். கதவு எவ்வளவு விரியும் என்பதைச் சாரல் மட்டுமே துல்லியமாகச் சொல்லும்.

அதுவரை சமாளிக்க, இடிக்கும் இடத்தில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் போதும். வாசற்கதவு பூட்டவே முடியவில்லை என்றால் 60ஆம் எண் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, ஒட்டிய இடத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்க்கலாம். இப்போது பெயின்ட் அடிக்கக் கூடாது. ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே பூச்சு போட்டால், வெயில் வந்ததும் அந்த ஈரம் கொப்புளமாக எழும்பிப் பூச்சைத் தூக்கிவிடும்.

கீல் தளர்ந்திருந்தால் அதற்குக் கோடைவரை காத்திருக்கத் தேவையில்லை. கதவின் கீழே ஆப்பு வைத்துத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்ற வேண்டும். துளை பெரிதாகிவிட்டிருந்தால், மூங்கிலைச் சீவிய குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளை நிறைய அடித்து, மறுநாள் மட்டமாக அறுத்துவிட்டு, மெல்லிய துளையிட்டுப் புதிய திருகாணி போட வேண்டும். நிலைப் பக்கத்துக்கு முன்பிருந்ததைவிட நீளமான, 50 மில்லிமீட்டர் திருகாணி நல்லது. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்க வேண்டும். சாதாரண இரும்பு இந்த ஈரத்தில் துருப்பிடித்து மரத்தையும் கறுப்பாக்கிவிடும். மலைக்கு அப்பால் கேரளத்தில் புனலூர்ப் பக்கத்துக் கடையில் வாங்குபவர்கள் மலையாளத்தில் விஜாகிரி என்று கேட்டால் கீலை எடுத்துக் கொடுப்பார்கள்.

கோடை வேலை

வடகிழக்குப் பருவமழையும் தையின் பனியும் கழிந்து, மாசிக் கடைசியில் இருந்து மரம் நன்றாக உலர்ந்திருக்கும். அப்போது இழைத்தால் நார் எழும்பாமல் சுருள் சுருளாக வரும். ஈர மரத்தில் இழைத்த பரப்பு எப்போதும் பஞ்சுபோல் இருக்கும்.

ஏழடி உயரத் தேக்குக் கதவு 30 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடும் என்பதால் இரண்டு பேர் இல்லாமல் கழற்றக் கூடாது. கீழே ஆப்பு வைத்து, கீழ்க்கீலை முதலில், நடுக்கீலை அடுத்து, மேற்கீலைக் கடைசியில் விடுவிக்க வேண்டும். மாட்டும்போது இதற்குத் தலைகீழ் வரிசை. கதவைப் பக்கவாட்டில் நிறுத்தி, அசையாதபடி இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்க வேண்டும். 2 மில்லிமீட்டருக்குள் இழைக்க வேண்டியிருந்தால் பூட்டுப் பக்கத்தைச் சீவலாம். அதற்கு மேல் போனால் கீல் பக்கத்தை இழைத்து, கீலின் பள்ளத்தை அதே அளவுக்கு உளியால் ஆழப்படுத்துவதே மேல். பூட்டு இருக்கும் பக்கத்தில் அதிகம் இழைத்தால் பூட்டையே நகர்த்த வேண்டிவரும்.

இழைப்புளியின் அலகு தலைமுடியைச் சிரைக்கும் கூர்மையில் இருக்க வேண்டும். நார் ஏறும் திசையிலேயே ஓட்ட வேண்டும். கிழிக்கிறது என்றால் திசையை மாற்றினால் சரியாகிவிடும். கதவின் மேல், கீழ் ஓரங்களை இழைக்கும்போது மட்டும் இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி இழைக்க வேண்டும், ஏனெனில் அங்கே நெடுஞ்சட்டத்தின் வெட்டுமுகம் இருப்பதால் ஒரே ஓட்டமாக இழைத்தால் மறுமுனையில் சிராய் பிய்த்துக்கொண்டு போகும். மின் இழைப்புளி வைத்திருப்பவர்கள் ஆழத்தை அரை மில்லிமீட்டருக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. அதன் வேகத்தில் பென்சில் கோடு கண்ணெதிரே காணாமல் போய்விடும். பூட்டுப் பக்க ஓரம் சரியான செங்கோணமாக இல்லாமல், மூடும்போது முதலில் நிலைக்குள் நுழையும் விளிம்பு உள்வாங்கி இருக்க வேண்டும். 35 மில்லிமீட்டர் தடிமனுள்ள கதவுக்கு ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் சரிவு போதும். இந்தச் சரிவை விட்டுவிட்டு, கதவு இன்னும் இடிக்கிறதே என்று மறுபடி மறுபடி இழைப்பவர்களே அதிகம்.

பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது எச்சரிக்கை வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைக் கொண்டு ஈரமாகவே தேய்த்து, முகக்கவசம் அணிந்து, குழந்தைகளைத் தள்ளிவைத்து, கழிவைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தேய்த்த கதவை ஓரிரு நாள் நிழலில் காயவிட வேண்டும்.

மேலும் கீழும் பூசுவது

இந்த வேலையில் எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கக் கூடாது. கதவின் இரண்டு முகங்களும் பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கும். மேலோரத்தையும் கீழோரத்தையும் தடவிப் பார்த்தால் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் பெயின்டர் விட்டுவிடுகிறார். ஆனால் நெடுஞ்சட்டங்களின் வெட்டுமுகங்கள் அங்கேதான் இருக்கின்றன. மரத்தின் நுண்குழாய்கள் அந்த வெட்டுமுகத்தில் திறந்திருப்பதால், பக்கவாட்டைவிடப் பலமடங்கு வேகமாக ஈரம் அதன் வழியாக ஏறும். வீடு துடைக்கும் தண்ணீரும், வாசலில் தெறிக்கும் சாரலும் கீழோரத்தைத்தான் முதலில் நனைக்கின்றன.

கதவு கழற்றியிருக்கும்போதே கீழோரத்தை மேல்பக்கமாக நிறுத்தி, மர பிரைமரைக் கொஞ்சம் தின்னர் கலந்து நீர்த்துப் பூச வேண்டும். வெட்டுமுகம் உடனே குடித்துவிடும்; குடிப்பது நிற்கும்வரை மேலும் மேலும் பூசிக் காயவிட்டு, பின்னர் இரண்டு கோட் எனாமல் அடிக்க வேண்டும். இழைத்த பக்க ஓரங்களுக்கும் இதேபோல் பூச வேண்டும். பூச்சின் தடிமனும் இடைவெளியில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்து, பென்சில் கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே இழைத்திருந்தால் நல்லது.

கொல்லத்து முந்திரித் தொழிற்சாலைகள் அருகில் இருப்பதால் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசும் பழக்கமும் இந்தப் பக்கத்தில் உண்டு. கரையானுக்கும் ஈரத்துக்கும் அது நல்ல காப்பு. நிலையின் சுவர்ப் பக்கத்துக்கும், உத்தரத்துக்கும், பெயின்ட்டுக்குப் பதிலாகக் கதவின் கீழோரத்துக்கும் பூசலாம். பெயின்ட் அடிக்கப்போகும் முகத்தில் வேண்டாம், பெயின்ட் அதன்மேல் சரியாகப் பிடிக்காது. தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும் என்பதால் ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

பிளஷ் டோர், அதாவது ஒட்டுப்பலகையால் ஆன தட்டையான கதவு, போட்டவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பெரிதாக வேலையில்லை. ஒட்டுப்பலகை அகலத்தில் அதிகம் விரியாது. கீழோரம் நனைந்து ஏடு ஏடாகப் பிரிவதே அதன் நோய். ஓரத்தில் உள்ள மரச்சட்டம் குறுகலானது என்பதால் 3 மில்லிமீட்டருக்கு மேல் இழைக்கவும் கூடாது.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு கதவை மாட்டி, தாழ்ப்பாளின் நாக்கு நிலையிலுள்ள துளைக்கு நேராக நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கீல் சரியாகிக் கதவு உயர்ந்திருந்தால் துளை சற்றுக் கீழே நிற்கும். தகட்டைக் கழற்றி மேலே நகர்த்துவதைவிட, அதன் துளையின் மேல்விளிம்பை அரத்தால் 1 மில்லிமீட்டர் ராவிவிடுவது எளிது. அதற்கு மேல் வேறுபாடு இருந்தால் மட்டும் பழைய திருகாணித் துளைகளை மூங்கில் குச்சியால் அடைத்துத் தகட்டை நகர்த்தலாம்.