பழைய பேய்ப் படம் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

1920, 30களில் வந்த பேய்ப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே "பார்த்தேன், சிரிப்புதான் வந்தது" என்று சொல்பவர்கள் நிறைய. எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: யூடியூபில் முதலில் வந்தது. கோளாறே அங்கேதான். நூறு வருடத்துப் படத்துக்கு ஒரே வடிவம் என்று ஒன்று கிடையாது. வெட்டியது, தேய்ந்தது, சாயம் போனது, வேகம் மாறியது என்று பல ரூபத்தில் அது சுற்றிக்கொண்டிருக்கும், அதில் எது கையில் சிக்குகிறதோ அதை வைத்துத்தான் படத்தையே எடைபோடுகிறோம்.

முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922இல் வந்த ஜெர்மன் மௌனப்படம். 'டிராகுலா' நாவலை உரிமை வாங்காமல் எடுத்ததால் அதை எழுதிய ப்ராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார், பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லி 1925இல் தீர்ப்பும் வந்தது. வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பின, அவற்றை வைத்துத்தான் பிற்பாடு படத்தை மீட்டெடுத்தார்கள். அதனால்தான் இன்று அது ஒரு மணி நேரப் படமாகவும் கிடைக்கிறது, ஒன்றரை மணி நேரப் படமாகவும் கிடைக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள, முர்னாவ் அறக்கட்டளை மீட்டெடுத்த பதிப்பைத் தேடிப் பிடியுங்கள்.

அதில் நிறம் இருக்கும். அந்தக் காலத்தில் இரவுக் காட்சியைப் பகலில் எடுத்துவிட்டு, அந்தப் பகுதி பிலிமை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். நீலம் வந்தால் இரவு, மஞ்சள் வந்தால் பகல், விடியலுக்கு இளஞ்சிவப்பு. இந்தச் சாயம் இல்லாத கறுப்பு வெள்ளைப் பிரதியில் ரத்தக்காட்டேரி ஓர்லாக் தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் ஊருக்குள் நடந்து போவதுபோல இருக்கும், ஆனால் கடைசியில் அவனைக் கொல்வதே சூரிய வெளிச்சம்தான்! பகலெல்லாம் சுற்றியவன் விடிந்ததும் ஏன் சாகிறான் என்று பார்ப்பவர் குழம்பத்தானே செய்வார்? மீட்டெடுத்த பதிப்பில் அந்த நீலம் மாறி அறைக்குள் விடியலின் நிறம் ஏறும்போது கதை தானாகப் புரியும்.

அடுத்தது வேகம். மௌனப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், நொடிக்கு இத்தனை பிரேம் என்று கறாரான கணக்கு இல்லை, 16, 18, 20 என்று மாறும். பேசும் படம் வந்த பிறகுதான் 24 நிலைத்தது. மெதுவாக எடுத்ததை 24இல் ஓட்டினால் எல்லாரும் குடுகுடுவென்று ஓடுவார்கள், அதைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது. இதில் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், 'நோஸ்ஃபெராட்டு'வில் ஓர்லாக்கின் குதிரை வண்டி மட்டும் வேண்டுமென்றே விசித்திர வேகத்தில் பாயும், காடு நெகட்டிவில் வெள்ளையாகத் தெரியும், வேறு உலகத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று வயிற்றைப் பிசையும். படம் முழுக்கவே ஓட்டமும் நடையுமாக இருந்தால் அந்த வண்டிக்கு என்ன மதிப்பு? கணினியில் கலர் ஏற்றி 60 பிரேமுக்கு மாற்றிய வீடியோக்களும் இதே ரகம்தான், தொடவே வேண்டாம்.

இசையும் அப்படித்தான். மௌனப்படத்தின் அடியில் யாரோ கைக்குக் கிடைத்த பியானோ துண்டை ஒட்டியிருந்தால் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் 1931இன் பேசும் படமான 'டிராகுலா'வில் தலைப்பு முடிந்த பிறகு பின்னணி இசையே கிட்டத்தட்ட இல்லை, அதைக் குறையாக நினைத்து ஃபோனை எடுத்துவிடாதீர்கள். டிராகுலாவாக வரும் பேலா லுகோசி மாடிப்படியில் விளக்கோடு நின்று, வெளியே ஓநாய்கள் ஊளையிடுவதைக் கேட்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பேசும்போது அந்த அமைதிதான் ஆளை உலுக்குகிறது.

வெட்டுப்பட்ட பிரதி என்ன கெடுதல் செய்யும் என்பதற்கு அதே வருடத்து 'ஃப்ராங்கன்ஸ்டைன்' போதும். ஏரிக்கரையில் ஒரு சின்னப் பெண், அரக்கனாக வரும் போரிஸ் கார்லோஃப் கையில் பூக்களைக் கொடுக்கிறாள், இருவரும் தண்ணீரில் போட்டு மிதக்கவிட்டு விளையாடுகிறார்கள். பூ தீர்ந்துபோகிறது. இவளும் மிதப்பாள் என்று நம்பி அவளைத் தூக்கிப் போட்டுவிடுகிறான், அவள் மூழ்கியதும் பதறுகிறான். தணிக்கையில் அவன் அவளை நோக்கிக் கை நீட்டுவதோடு வெட்டிவிட்டார்கள். அப்புறம் அவள் அப்பா பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார், நடுவில் என்ன நடந்ததோ என்று பார்ப்பவர்கள் இன்னும் கொடூரமாகக் கற்பனை செய்தார்கள். வெட்டிய பகுதி 1980களில்தான் திரும்பச் சேர்ந்தது. அது இல்லாமல் பார்த்தால் அவன் வெறும் கொலைகாரன், இருந்தால் தெரியாமல் செய்துவிட்ட குழந்தை. படமே வேறாகிவிடுகிறது.

இன்னொன்று, திடுக்கிட வைப்பதை மட்டும் எதிர்பார்ப்பது. 1925இன் 'ஓபெராவின் ஆவி'யில் முகமூடிக்காரனாக வரும் லான் சேனி ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்க, பின்னால் நிற்கும் பாடகி கிறிஸ்டீன் அவன் முகமூடியை உருவுகிறாள். அந்த முகம் நமக்குத்தான் முதலில் தெரிகிறது, அவளுக்குத் தெரியாது. அவன் திரும்பப்போகிறான் என்று தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அந்தச் சில நொடிதான் பயம். இதைப் பகல் வெளிச்சத்தில், பஸ்ஸில், ஃபோனில் பார்த்தால் கிடைக்காது.

எதில் தொடங்குவது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். பட்டியலில் முதலிடம் என்பதற்காக 1920இன் 'டாக்டர் காலிகரி'யில் நேராகக் குதித்தால், கோணல் சுவரும் பெயிண்டில் வரைந்த நிழலும் பட்ஜெட் இல்லாத வேலைபோலத் தோன்றும். அது பைத்தியக்கார மனசுக்குள் தெரியும் ஊர், வேண்டுமென்றே அப்படி வரைந்தார்கள். முதலில் 70 நிமிட 'ஃப்ராங்கன்ஸ்டைன்', பிறகு 'நோஸ்ஃபெராட்டு', கண் பழகியதும் 'காலிகரி'. ட்ரையர் எடுத்த 'வாம்பிர்' 1932இல் வந்தது, நிழல்கள் உடம்பை விட்டுத் தனியாக நடக்கும் படம், கனவுபோலத்தான் நகரும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.