சர்வீஸ்பெரிக் காயில் துரு: என் அனுபவம்

டொராண்டோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் நிற்கும் சர்வீஸ்பெரி என்ற சிறு பழமரம், ஜூனில் கருநீலமாகப் பழுக்கும். கனடாவின் சஸ்கட்டூன் நகரத்துக்குப் பெயர் தந்ததே இந்த இனத்துப் பழம்தான். அவ்வளவு ஆசையாக வளர்த்த மரம்.

போன வருடம் காய்களைப் பார்த்துப் பதறிவிட்டேன். ஒவ்வொன்றிலும் மெல்லிய வெளிறிய குழாய்கள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டால் விரலில் செம்மஞ்சள் தூள். துரு என்கிற பூஞ்சை நோய் இது. மருந்து அடித்தேன், பலனில்லை. காயில் தெரிந்த பிறகு அடித்து என்ன செய்ய?

நோயின் மூலம் இந்த மரத்தில் இல்லை, வேலியோரம் நிற்கும் ஜூனிப்பர் என்ற பசுமைமாறாச் செடியில். இந்தத் துருப் பூஞ்சைக்கு இரண்டு வீடு வேண்டும். ஜூனிப்பர் கிளை வீக்கத்தில் பனிக்காலத்தைக் கழிக்கும். வசந்த மழை பட்டதும் அங்கே ஆரஞ்சுப் பசையாகப் பிதுங்கும், பூஞ்சையைப் பரப்பும் தூள் போன்ற வித்துகள் காற்றேறி சர்வீஸ்பெரிக்கு வரும்.

சரி என்று இந்த மார்ச்சில், மழைக்கு முன்பே, ஜூனிப்பரில் வீங்கிய கிளைகளையெல்லாம் வீக்கத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டி அகற்றினேன். சர்வீஸ்பெரியிலும் உள்ளே நெருங்கிக் கிடந்த கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் விட்டேன். வித்துகள் தூரத்திலிருந்தும் வரும் என்பதால் துரு முழுக்கப் போகவில்லை, அங்கொன்று இங்கொன்று இருந்தது. மற்றபடி இரண்டு கிண்ணம் நல்ல பழம் கிடைத்தது. உச்சிக் கிளைப் பழங்களை ராபின் குருவிகளுக்கே விட்டுவிட்டேன்.